தாண்டிக்குடிப் பக்கம் 3 ஏக்கர் காபி: ஒரு குடும்பம் நின்று பிழைக்க முடியுமா?

வைகைக்கரை:
கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, ஆடலூர் வட்டாரத்தில் 2, 3 ஏக்கர் காபி வைத்திருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். விலை ஏறியதிலிருந்து "வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார்க்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு மாதிரித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம்: 3 ஏக்கர் அரபிகா, நிழலுக்குச் சில்வர் ஓக், சில மரங்களில் மிளகுக்கொடி, பாதிச் செடி 30 வயதைத் தாண்டியது. களம் கிடையாது, பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கிடையாது. இதை வைத்து ஒரு குடும்பம் நடக்குமா? கணக்கோடு எழுதுங்கள்.

கொம்புக்காடு:
விலையை நம்பி மட்டும் வரவேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 50 சென்ட்டுக்குக் கீழே கிடந்தது. 2025 பிப்ரவரியில் அதே காபி 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்தால் நமக்கு ஏற்றம், அங்கே நன்றாக விளைந்தால் நமக்கு இறக்கம். முன்பு காபி வாரியமே மொத்தமாக வாங்கி விற்றது, 1996-க்குள் அது முழுதாக நின்றது. அதற்குப் பிறகு விற்பவரும் நாம்தான், நட்டத்தைத் தாங்குபவரும் நாம்தான்.

இனி கணக்கு. நம் நாட்டில் அரபிகாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 400 கிலோ கிளீன் காபியை (எல்லாத் தோலும் நீக்கிய கொட்டை) ஒட்டித்தான் நிற்கிறது. 3 ஏக்கர் என்பது 1.2 ஹெக்டேர், அதனால் ஏறத்தாழ 500 கிலோ. 100 கிலோ பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, உள் ஓட்டோடு காயவைத்த கொட்டை) உடைத்தால் 80 கிலோ கிளீன் வரும். ஆக 625 கிலோ பார்ச்மென்ட், 50 கிலோ மூட்டையில் 12, 13 மூட்டை. இதற்குப் பழமாக 3 டன் பறிக்க வேண்டும்.

இந்த 13 மூட்டைதான் அடித்தளம். அன்றைய மூட்டை விலையால் பெருக்கிப் பாருங்கள். உரம், போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து), களை, நிழல் கழிப்பு, பறிப்புக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். நல்ல விலை ஆண்டில் மிஞ்சும். மோசமான ஆண்டில் காபி வெறும் கூலியைத்தான் கட்டும். அந்த ஆண்டில் சோறு போடுவது மிளகும் வாழையும் பட்டர் ஃப்ரூட்டும்தான். காபியை மட்டும் வைத்து 3 ஏக்கரில் நிற்க முடியாது, காபியோடு சேர்த்து மூன்று வரவு இருந்தால் நிற்கலாம். இதுதான் என் கருத்து.

ஈரக்களம்:
அண்ணே சொன்ன 13 மூட்டையை எந்த வடிவத்தில் விற்கிறோம் என்பதில் பெரிய தொகை இருக்கிறது. இந்தப் பக்கம் பலரும் பழத்தை அப்படியே வாசலில் வரும் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் சொல்லும் விலை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. 50 கிலோ பார்ச்மென்ட்டுக்குச் சுமார் 250 கிலோ பழம் வேண்டும். அன்றைய பார்ச்மென்ட் மூட்டை விலையை 250-ஆல் வகுங்கள். மூட்டை 25,000 ரூபாய் என்றால் பழம் கிலோ 100 ரூபாய்க்குச் சமம். அதிலிருந்து பல்ப்பிங், காய வைக்கும் கூலி, வண்டிச் சத்தம் இவற்றுக்கு நியாயமாக ஒரு தொகையைக் கழித்தால் வருவதே பழத்தின் சரியான விலை. வியாபாரி அதற்கும் கீழே எவ்வளவு கேட்கிறார் என்பதுதான் நீங்கள் விட்டுக்கொடுக்கும் பணம்.

மலைவண்டி:
ஈரக்களம் அவர்களே, கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கர்நாடகத்துக் காபி வட்டாரங்களில் பறிப்பு நேரம் பெரும்பாலும் வெயில். நமக்கு அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில்தான் இங்கே பழம் சிவக்கிறது. களம் இல்லாதவர் பல்ப்பிங் செய்துவிட்டு எங்கே காய வைப்பார்? மூன்று நாள் மூடாக்கு வந்தால் பார்ச்மென்ட்டில் பூஞ்சை ஏறிவிடும். பிறகு செர்ரி (முழுப் பழமாகவே காயவைத்த காபி) விலைகூடக் கிடைக்காது. 2, 3 ஏக்கர்காரர் பழமாக விற்பதை அறியாமை என்று நினைக்காதீர்கள். மழைக்குப் பயந்துதான் விற்கிறார்.

ஈரக்களம்:
மழைதான் இங்கே பெரிய எதிரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பழம் பறித்த நேரத்திலிருந்து என்ன நடக்கிறது என்பதை விவரமாக எழுதுகிறேன், எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரிந்தால் சமாளிக்கலாம்.

பறித்த பழம் அன்று மாலைக்குள் பல்ப்பருக்குப் போக வேண்டும். சாக்கில் கட்டி இரவு வைத்தால் உள்ளே சூடேறிப் புளிப்பு வந்துவிடும். முதலில் தொட்டித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை வழித்தெடுத்து செர்ரியாகத் தனியே காயப்போடுங்கள். பச்சைக் காயையும் அதோடு சேர்த்துவிடலாம். அடியில் தங்கும் கனிந்த பழம்தான் பல்ப்பருக்கு.

பல்ப்பரில் இடைவெளி வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இறுக்கமாக இருந்தால் கொட்டை வெட்டுப்படும், பட்ட இடம் பிறகு கறுக்கும். தளர்ந்தால் பழம் முழுசாக வெளியே வரும். ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு கிலோவை ஓட்டிப் பார்த்து, ஒரு கை அள்ளி விரித்து, வெட்டுக் கொட்டை எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் மீதியைப் போட வேண்டும். முதல் பறிப்புக்கும் கடைசிப் பறிப்புக்கும் பழத்தின் பருமன் மாறும், அதனால் ஒருமுறை வைத்த இடைவெளி சீசன் முழுக்க ஒத்துவராது.

அடுத்து ஊறல். வழவழப்புப் போக அரபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பார்கள். டிசம்பர்க் குளிரில் இன்னும் நேரம் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள். ஒரு பிடியை எடுத்துத் தண்ணீரில் அலசித் தேய்த்தால் ஆற்றுச் சரளை மாதிரி சொரசொரவென்று சத்தம் வர வேண்டும். இன்னொரு சோதனை: தொட்டிக்குள் ஒரு குச்சியைச் செருகி உருவினால் குழி மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கழுவிவிடுங்கள். தூங்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விட்டால் நாற்றக் கொட்டை உருவாகும், ஒரு மூட்டையில் கொஞ்சம் இருந்தாலும் கோப்பையில் தெரிந்துவிடும்.

காய வைப்பதற்குச் சிமெண்ட் களம் கட்டாயம் என்றில்லை. இடுப்பு உயரத்தில் மூங்கில் கால் நட்டு, மேலே கம்பி வலை, அதன்மேல் நைலான் வலை. இரு பக்கமும் நின்று கை எட்டும்படி 4 அடி அகலம். மேலே வளைத்து பாலித்தீன் கூரை, இரு முனையும் காற்றுப் போகத் திறந்திருக்கட்டும். முதல் இரண்டு நாள் மெல்லிய பரப்பாக விரித்து, மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். அடியிலும் காற்று போவதால் தூறல் நாளிலும் மெதுவாகக் காயும். உச்சிவெயிலில் முதல் நாளே நேராகக் காயப்போட்டால் தோல் வெடித்துவிடும். இரவில் மூட வேண்டும், பனி பட்டால் பகலில் காய்ந்ததெல்லாம் வீண். தரையில் தார்ப்பாய் விரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அடியில் வேர்த்து நிற்கும் ஈரம் வெளியே போக வழி இல்லை, பூஞ்சை அங்கேதான் தொடங்குகிறது.

ஈரப்பதம் பார்ச்மென்ட்டுக்கு 10 சதவீதம், அரபிகா செர்ரிக்கு 10.5. மீட்டர் இல்லாதவர்கள் ஒரே படியில் தலைதட்டி அளந்து தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

பட்டிவீரன்:
மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ள: காய்ந்ததைச் சணல் சாக்கில் கட்டி, மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். உரமூட்டை, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, ஏலக்காய் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. காபி பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

காபி வாங்கும் பட்டிவீரன்பட்டிக்கு லோடு கொண்டுபோகும் முன் எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு கிலோ சேருங்கள். தோல் உடைத்து எடை போடுங்கள். 800 கிராமை ஒட்டி வர வேண்டும். அதில் கறுப்பு, வெட்டு, துளை விழுந்தது எவ்வளவு என்று பிரித்து வைத்துக்கொண்டு போனால், அங்கே "அவுட்டர்ன் (உடைத்தால் தேறும் கிளீன்) கம்மி" என்று சொல்லி விலையைக் குறைக்கும்போது பேச வாய் இருக்கும்.

வைகைக்கரை:
களம், பல்ப்பர் எல்லாம் 13 மூட்டைக்குக் கட்டுப்படியாகுமா?

ஈரக்களம்:
தனி ஆளுக்குக் கட்டாது. 8, 10 வீடு சேர்ந்தால் கட்டும். ஒரு சின்ன பல்ப்பர், இரண்டு ஊறல் தொட்டி, சில கூரைப்பந்தல் போதும். இதற்குக் காபி வாரியத்தில் மானியம் உண்டு, தாண்டிக்குடி அலுவலகத்தில் அந்த ஆண்டின் விதியைக் கேளுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கூட்டுக் களம் எங்கே உடைகிறது என்றால் பழத் தரத்தில். ஒருவர் பார்த்துப் பார்த்துப் பறித்த பழமும் இன்னொருவர் உருவிக் கொட்டிய பச்சைக் காயும் ஒரே தொட்டியில் விழுந்தால், நன்றாகப் பறித்தவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். வாசலிலேயே ஒரு கூடையில் 100 பழம் எண்ணிப் பச்சை 5-க்கு மேல் இருந்தால் தனியாக வாங்க வேண்டும். மிதவையைக் கழித்த எடைக்குத்தான் சீட்டு. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஒரு நாள் விட்டால் அத்தோடு போச்சு.

கழுவிய தண்ணீரை ஓடையில் விடக் கூடாது என்பதையும் எழுதிவைக்கிறேன். கீழே இருக்கும் பளியர் குடியிருப்புகளுக்கும் அடிவாரத்துக் கண்மாய்களுக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது. குழி வெட்டித் தேக்கிச் சுண்ணாம்பு போடுங்கள். பழத்தோலை மக்கவைத்தால் தோட்டத்துக்கே உரம்.

மலைவண்டி:
பத்து வீடு சேருமானால் நான் சொன்ன மழைப் பயம் பாதி தீரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேரும்வரை பழமாக விற்பவரைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டும் கலந்து செய்யலாம்: மழை விட்ட டிசம்பர், ஜனவரிப் பழத்தைப் பார்ச்மென்ட் ஆக்கி, அடைமழை வாரத்தில் பறித்ததைப் பழமாகவே கொடுத்துவிடுவது.

தண்டுத்தடவி:
எல்லோரும் விளைந்த பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். கேள்வியில் இருக்கும் தோட்டத்தில் பாதிச் செடி 30 வயது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வெள்ளைத் தண்டுத்துளைப்பான். அரபிகாவை அழிப்பதில் இதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

வண்டு பறக்கும் காலம் இரண்டு: ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய் மாதக்கணக்கில் தண்டைக் குடையும். வெளியே தெரியும்போது இலை மஞ்சளாகித் தொங்கும், தண்டில் வளையம் வளையமாகப் புடைத்திருக்கும். அந்தச் செடி இனி பிழைக்காது. பறக்கும் காலத்துக்கு முன்னால், அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்து, புடைப்பு உள்ளதை வேரோடு பிடுங்கி அன்றே எரிக்க வேண்டும். விறகுக்கு ஆகும் என்று வீட்டுக்குப் பின்னால் அடுக்குகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஊரையே கெடுக்கிறது. வண்டு அந்த விறகிலிருந்தே கிளம்பிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்.

மற்றச் செடிகளில் உதிரும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, தண்டுக்கும் தடித்த பக்கக் கிளைகளுக்கும் 10 சதவீதச் சுண்ணாம்பு அடியுங்கள். 200 லிட்டருக்கு 20 கிலோ, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பசை. அரிவாளால் சுரண்டாதீர்கள், பச்சைப் பட்டையில் கீறல் விழுந்தால் வண்டுக்கு நாமே வாசல் திறந்ததாகும். வெயில் விழும் செடியைத்தான் வண்டு தேடும். 2018 நவம்பரில் கஜா புயலில் நிழல் மரம் சாய்ந்த இடங்களில் உடனே நிழலைத் திரும்பக் கொண்டுவராதவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

இலைத்துருவுக்கு 0.5 சதவீத போர்டோ, மே-ஜூனில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை. 200 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்த இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கினால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும், பூஞ்சை உட்காருவது அங்கேதான்.

காய்த்துளைப்பானுக்கு மருந்தைவிடத் துப்புரவுதான் கைகொடுக்கும். இந்தப் பூச்சி 1990-இல் கூடலூரில் முதலில் தென்பட்டது, பிறகு எல்லாக் காபி மலைக்கும் பரவியது. கடைசிப் பறிப்பில் செடியில் ஒரு காய்கூட விடாதீர்கள், கீழே விழுந்ததைப் பொறுக்குங்கள், பறிக்கும்போது அடியில் விரிப்பு போடுங்கள். துளை விழுந்த பழத்தைக் கொதிநீரில் 2 நிமிடம் முக்கிவிட்டுக் காயப்போடுங்கள்.

வைகைக்கரை:
பழைய செடியைப் பிடுங்கினால் எந்த ரகம் வைப்பது? இடைவெளியில் வேறு என்ன?

தண்டுத்தடவி:
எஸ்.795 இன்னும் நம்பலாம், ருசிக்குப் பேர் போனது. ஆனால் துரு வரும், போர்டோ தவறக் கூடாது. சந்திரகிரி குட்டைச் செடி, நெருக்கி நடலாம், ஆனால் சாப்பாடு அதிகம் கேட்கும். உரம் போட முடியாதவர் சந்திரகிரியை நட்டுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று வருந்துவதில் பயன் இல்லை. ஒரே ஆண்டில் மொத்தத்தையும் பிடுங்காதீர்கள். புதுச் செடி காய்க்க 3, 4 ஆண்டு ஆகும், அதுவரை வரவு நிற்கும். ஆண்டுக்கு அரை ஏக்கர் போதும்.

கொம்புக்காடு:
இடைவெளிக்கு நான் சொல்கிறேன். சில்வர் ஓக் நேராக நிற்கிறது, கொடி ஏற்றத் தோதானது. இருக்கும் எல்லா மரத்திலும் மிளகு ஏற்றுங்கள். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 33 கிலோ வரும். நன்றாகக் காயவைத்தால் இருப்பு வைக்கலாம், காபி விலை விழுந்த ஆண்டில் எடுத்து விற்கலாம். அதுதான் மிளகின் பலம். அடியில் தண்ணீர் தேங்கினால் மழைக்காலத்தில் வாடல் நோயில் ஒரே வாரத்தில் கொடி போய்விடும். ட்ரைக்கோடெர்மாவை (நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சை) தொழுவுரத்தில் கலந்து மழைக்கு முன்பே அடியில் வைக்க வேண்டும்.

மலைவாழை இந்த மண்ணின் பயிர். விருப்பாட்சி, சிறுமலை இரண்டுக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் விருப்பாட்சி. முடிக்கொத்து நோய் வந்துதான் 1970-களில் மலை முழுக்க அழிந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கன்று வாங்கி நட்டால் நோயும் கூடவே வரும். வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். குருத்து நெருங்கி நிமிர்ந்து நிற்கும் மரத்தைக் கண்டால், முதலில் அசுவினியைக் கொல்ல மருந்தடித்து, பிறகுதான் தோண்ட வேண்டும். மருந்தடிக்காமல் வெட்டினால் அசுவினி அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.

பட்டர் ஃப்ரூட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.டி.1 ரகம் இருக்கிறது. காபிக்குள் நெருக்கி வைத்தால் குடை மாதிரி கவிந்து கீழே எதுவும் காய்க்காது. வேலியோரத்தில் 25, 30 அடி தள்ளி வையுங்கள்.

கூலிக்கணக்கு:
ஆள் பற்றி யாரும் எழுதவில்லை. 3 டன் பழம் பறிக்க வேண்டும். முதல் சுற்றில் பழம் அங்கொன்று இங்கொன்றுதான், ஒரு ஆளுக்கு நாளைக்கு 15, 20 கிலோ தேறினால் பெரிது. உச்சத்தில் 40, 50 கிலோ. சராசரி 35 என்று வைத்தாலும் சீசனுக்கு 85, 90 ஆள்நாள் வேண்டும். வீட்டில் மூன்று பேர் இறங்கினால் மாதம் ஒன்றுக்கும் குறைவான வேலைதான், ஆனால் பழம் ஒரேயடியாகக் கனியாது, 4, 5 சுற்றாகப் பிரியும். அதனால் வீட்டு ஆட்களே முடித்துவிடலாம் என்பது 3 ஏக்கர்காரருக்குச் சாத்தியம், 15 ஏக்கர்காரருக்குச் சாத்தியமில்லை. சின்னத் தோட்டத்தின் உண்மையான பலம் இதுதான். பெரிய தோட்டத்தில் ஆள் கிடைக்காமல் பழம் செடியிலேயே கறுக்கிறது.

திரும்பி வருபவர்கள் பறிப்புக்கு வெளியாள் வைத்துவிட்டு மேற்பார்வை மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

இன்னொன்று: கிலோவுக்குக் கூலி கொடுத்தால் பச்சையும் சேர்ந்து வரும். நாள்கூலி கொடுத்தால் வேகம் குறையும். கிலோவுக்குக் கொடுத்து, பச்சை குறைவாக இருந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருவதுதான் நடைமுறையில் ஒத்துவருகிறது.

மரநிழல்:
சட்டப் பக்கம் சுருக்கமாக. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தப் பட்டாவில் இருந்தாலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். சில்வர் ஓக்கை விற்றுக் கடன் அடைக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் மனுப் போடுங்கள், மாதங்கள் ஆகும். காட்டுமாடு இளஞ்செடியை மிதித்து உடைக்கும், விடியற்காலையில் தனியாகத் தோட்டத்துக்குள் போகாதீர்கள். பெரும்பாறை, கே.சி.பட்டிப் பக்கம் யானை வருகிற வழியில் வாழை வைப்பது யானையை அழைப்பதற்குச் சமம்.

ஐரோப்பாவின் காடழிப்புத் தடை விதி அமலாவது தள்ளிக்கொண்டே போகிறது, ஆனால் வரும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டான தோட்டத்துக் காபியை அங்கே விற்க முடியாது. 4 ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு இடத்தைக் குறிக்கும் ஒரு புள்ளி போதும். காபி வாரியத்தில் பதிவு செய்து வையுங்கள். நிழலில் வளர்ந்த நம் காபிக்கு இது சாதகமான விதி, காகிதம் இல்லையென்றால்தான் பாதகம்.

வைகைக்கரை:
பொடியாக்கி நேரடியாக விற்பது?

பட்டிவீரன்:
50 கிலோ பார்ச்மென்ட் 40 கிலோ கிளீன், வறுத்தால் 33 கிலோ பொடி. கிலோ விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். பாக்கெட், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கூரியர், வறுத்த சில வாரத்துக்குள் விற்றாக வேண்டிய நெருக்கடி, எல்லாம் சேரும். முதல் ஆண்டு 13 மூட்டையில் ஒரே ஒரு மூட்டையைப் பொடியாக்கிப் பாருங்கள். மறுபடி கேட்டு வாங்குகிற ஆள் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு அடுத்த மூட்டை. சிக்கரி கலந்தால் பாக்கெட்டில் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

கொம்புக்காடு:
வைகைக்கரை, திரும்பி வர நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்லுங்கள் என்றால் இப்படிச் சொல்வேன். வேலையை விடுவதற்கு முன்பே ஒரு செப்டம்பரில் லீவு போட்டு வந்து, எல்லாச் செடியையும் எண்ணுங்கள். 6 அடிக்கு 6 அடி நட்டிருந்தால் ஏக்கருக்கு 1,200 செடி இருக்க வேண்டும். பழைய தோட்டங்களில் நாலில் ஒரு குழி காலியாகவே இருக்கும், அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். துளைப்பான் பட்டதைப் பிடுங்கி எரித்துவிட்டு, எத்தனை குழிக்கு நாற்று வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். விதைக் காபிக்குத் தாண்டிக்குடிக் காபி ஆராய்ச்சி நிலையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். மண் மாதிரியையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் நாற்றுப் போட்டால் அடுத்த மழைக்கு நடலாம்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. மண் மாதிரி எந்த ஆழத்தில் எடுப்பது?

தண்டுத்தடவி:
மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு 9 அங்குலம் வரை. செடியின் அடியிலும் உரம் போட்ட வளையத்திலும் எடுக்காதீர்கள், நாலு செடிக்கு நடுவில் எடுங்கள். தோட்டச் சரிவின் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் 10 இடத்தில் எடுத்துக் கலந்து அரை கிலோ. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். அந்த ஆண்டு சுண்ணாம்பு போட்டிருந்தால் அதையும் சீட்டில் எழுதுங்கள்.